யாருக்கும் தெரியாத முகம்

பாடிகார்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒருவன் பேசுவான், இன்னொருவன் நிற்பான். நான் நிற்கிறவனாக இருந்தேன்.

உண்மையான பாடிகார்ட் வேலை இல்லை. கொட்டகலைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பழைய துரை பங்களாவில் கொழும்புத் தொலைக்காட்சி ஒன்று எடுத்த நகைச்சுவைத் தொடரில் கிடைத்த வேடம். வாரம் ஒரு நாள் வந்து, சில வாரங்களிலேயே நின்றுபோன தொடர் அது. பெயரைச் சொன்னாலும் யாருக்கும் நினைவிருக்காது. எங்கள் பக்கத்தில் மட்டும் இன்னும் பேசுகிறார்கள். அதுவும் தொடரைப் பற்றி இல்லை, அதில் ஒரு சுவரில் தொங்கிய படத்தைப் பற்றி.

கதை இதுதான். மலைநாட்டில் ஓர் அரசியல் குடும்பம். பெரியவர் கட்சியைத் தொடங்கிவிட்டுச் செத்துப்போனார். மகன் இப்போது மந்திரி. மந்திரியின் மனைவிக்கும் மந்திரியாக ஆசை, தம்பிக்கும் ஆசை, மகளுக்கும் ஆசை. வெளியிலிருந்து யாரும் இவர்களை ஒன்றும் செய்ய வருவதில்லை. ஒருவரிடமிருந்து இன்னொருவரைக் காப்பாற்றத்தான் பாடிகார்ட் தேவைப்பட்டான். ஒவ்வொரு வாரமும் கடைசிக் காட்சியில் பேசுகிற பாடிகார்ட், கூடத்துச் சுவரில் இருக்கிற பெரியவர் படத்துக்கு சல்யூட் அடித்து, அன்று வீட்டில் நடந்த கூத்தையெல்லாம் படத்திடம் ஒப்பிப்பான். படம் பதில் சொல்லாது. அதோடு முடியும்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நிற்கிறவனுக்கு யாரும் கதை சொல்வதில்லை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். யாரும் விரட்டவில்லை, ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. அதற்குப் பிறகு கொழும்பில் துணிக்கடை, ஹோட்டல் அடுப்படி, நோட்டன் பிரிட்ஜில் பெரிய தண்ணீர்க் குழாய்களுக்கு வர்ணம் பூசுகிற கொந்தராத்து வேலை, மறுபடி கொழும்பில் ஓர் அடுக்குமாடி வாசலில் செக்கியூரிட்டி. அந்தக் கொம்பனியை மூடியதும் பையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தேன். அம்மா போன பிறகு, லயத்து வரிசை வீடுகளில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா பூட்டியே கிடந்தது. கூரைத் தகரம் ஒன்று காற்றில் போயிருந்தது. அதை மாட்டிவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டேன். சாப்பாடு அடுத்த காம்பராவில். அங்கே இருந்தவர்களை நான் மாமா, அத்தை என்று கூப்பிடுவேன். சொந்தமா என்று கேட்டால் எப்படிச் சொந்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

படப்பிடிப்புக்காரர்களின் பெட்டிகளைப் பங்களாவுக்குச் சுமக்க ஆள் தேடினார்கள். போனேன். மூன்றாவது நடையில் டைரக்டர் என்னை நிறுத்தினார். யாழ்ப்பாணத்துக்காரர், கண்ணாடி போட்டவர், எப்போதும் ஒரு மப்ளரைக் கழுத்தில் சுற்றியிருப்பார்.

"தம்பி, உங்களுக்கு நிக்கத் தெரியுமோ?"

"கொழும்புல அதான் சார் வேலையே."

"அசையாம?"

"அசஞ்சா சம்பளம் வெட்டுவாங்க சார்."

அவர் சிரித்தார். என் உயரத்துக்கு ஏற்ற கறுப்புக் கோட்டு ஒன்றும் கறுப்புக் கண்ணாடி ஒன்றும் கொடுத்தார்கள். வாசலில் நிற்க வேண்டும், வெளியே பார்த்தபடி. பாடிகார்ட் உள்ளே பார்க்கக் கூடாதாம். ஆபத்து வெளியிலிருந்துதான் வரும் என்பது கணக்கு. ஆகவே அந்தத் தொடரின் கூடத்தில் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை, காதால் கேட்டது மட்டும்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் சண்டை போடும். எனக்கு முன்னால் தேயிலைச் சரிவும் அதில் நின்று வேடிக்கை பார்க்கிற பெண்களும்.

எனக்கு எல்லாமே அதிசயமாக இருந்தது. கூடத்தின் நான்காவது சுவரில் இருந்த அலமாரிகளை எடுத்துவிட்டு அங்கே கமராவை வைத்திருந்தார்கள். ஆகவே அந்த வீட்டுக்கு மூன்று பக்கம்தான். மந்திரி குடிக்கிற பால் தேநீர் உண்மையில் ஆறிப்போன பிளேன்டீயில் கொஞ்சம் மாவைக் கலக்கியது. மந்திரியின் மனைவியாக நடித்த பெண்ணும் தம்பியாக நடித்தவரும் வெளியே வந்தால் ஒரே தட்டில் வடை சாப்பிடுவார்கள். பேசுகிற பாடிகார்ட் கொழும்புக்காரர், குள்ளமானவர், கமராவுக்கு முன்னால் வாயை மூட மாட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்தால் ஒரு வார்த்தை வராது. சிகரெட்டைப் பற்றவைத்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் குளவிக் காட்சி எடுத்தார்கள். குளவிக்கூடு கலைந்து மந்திரி குடும்பம் மேசைக்கு அடியில் ஒளிய, பாடிகார்ட் போர்வையைப் போர்த்திக்கொண்டு குளவிகளோடு பேச்சுவார்த்தை நடத்துவார். உள்ளே எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சரிவில் நின்ற பெண்கள் சிரிக்கவில்லை. அவர்களில் ஒருத்தி முந்தைய மாதம்தான் குளவி கொட்டி முகம் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அவள் பக்கத்தில் நின்றவளிடம், "போர்வையா, நமக்கு யாரு குடுத்தா?" என்றாள்.

படம் வந்த கதைக்கு வருகிறேன். கூடத்துச் சுவருக்கு ஒரு பெரியவர் படம் வேண்டும். கொண்டுவந்திருந்த படத்தைப் பார்த்த டைரக்டர் தலையில் கை வைத்தார். உண்மையான ஒரு தலைவரின் சாயல் அதில் இருந்ததாம்.

"இதைப் போட்டா என்ர வேலை போயிடும். ஆருக்கும் தெரியாத முகம் வேணும். ஒருத்தருக்கும் தெரியாத முகம்."

அவர் வெளியே வந்து வேடிக்கை பார்த்த கூட்டத்தைப் பார்த்தார். முன்வரிசையில் எங்கள் மாமா. தோட்டத்து ஃபக்டரியில் அடுப்புக்கு விறகு போட்டு ஓய்வு பெற்றவர். அவருடைய மீசை இரண்டு பக்கமும் காதைத் தொடப் போகும். அந்த மீசைக்கு அவர் தேங்காயெண்ணெய் பூசுவதை அத்தை கணக்குப் பார்ப்பாள்.

அவருக்குக் கோட்டு மாட்டி, பங்களாத் தோட்டத்து ரோஜாச் செடிக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள்.

"நான் யாரு வேசம் சார்?" என்று கேட்டார்.

"பெரியவர். கட்சியைத் தொடங்கின ஆள்."

"அப்ப மந்திரி?"

"உங்கட மகன்."

அன்று மாலை லயமே அவர் வாசலில் நின்றது. மாமா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "பாதை, தண்ணி, கூரத் தகரம், எதுன்னாலும் இனிமே எங்கிட்ட சொல்லுங்க. மகன்கிட்ட சொல்லி செய்வோம்" என்றார்.

"மொதல்ல நம்ம வீட்டுத் தகரத்த மாத்தச் சொல்லுங்க உங்க மகன" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் எல்லோரும் இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள்.

ஆனால் அந்தச் சமயத்தில் அத்தையின் மனம் வேறோர் இடத்தில் இருந்தது. பல வருடம் விறகு தூக்கியதில் மாமாவுக்குக் குடல் இறங்கியிருந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் வெகுநாள் காத்திருந்து ஒப்பரேஷனுக்குத் திகதி வாங்கியிருந்தார்கள். இறங்கிய குடல் என்றைக்காவது நெரிபட்டால் தோட்டத்திலிருந்து ஆளைக் கொண்டுவந்து சேர்க்க நேரம் போதாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இந்தத் திகதியை விட்டால் இன்னொன்று எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. அத்தை அவருடைய சாரம், துவாய், குவளை எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்து, பையைக் கட்டிலுக்கு மேலே ஆணியில் மாட்டியிருந்தாள்.

தொடர் சனிக்கிழமை மாலையில் முதல் தடவை வந்தது. எங்கள் தோட்டத்தில் யாரும் பார்க்கவில்லை. மத்தியானமே காற்றில் மரம் முறிந்து கம்பியில் விழுந்து கரண்ட் போய்விட்டது. மாமா வேட்டி கட்டி, மீசை முறுக்கி, இருட்டுத் திரைக்கு முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலை. மாமா மலைத் தண்ணீர் வந்து விழுகிற பீலியில் ஒரு வாளி பிடித்து வைத்து சவரம் செய்துகொண்டிருந்தார். நான் முகம் கழுவக் காத்திருந்தேன். கீழ்ப் பாதையில் ஒரு வேன் நிற்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒப்பாரி.

மாமா கத்தியைக் கீழே வைத்தார். "யாரு வீட்டுலடா?"

"தெரியல மாமா."

"நேத்து யாருக்காச்சும் முடியாம இருந்துச்சா?"

"அப்படி ஒண்ணும் கேள்விப்படல."

ஒப்பாரிச் சத்தம் கேட்டால் போகாமல் இருக்கக் கூடாது. எங்கள் லயத்தில் அது சட்டம் மாதிரி. ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை அப்படியே இருக்க, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மாமா இறங்கினார். நான் பின்னால் போனேன். வளைவில் ஐந்தாறு பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு ஏறி வந்தார்கள். முன்னால் வந்தது மாமாவின் தங்கை. பொகவந்தலாவையில் கட்டிக்கொடுத்தது. கையில் ஒரு ரோஜா மாலை.

"மீசக்கார அண்ணே, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டியே" என்று அவள் பாடிக்கொண்டே வந்தாள். தலையைக் குனிந்து அழுததால் எங்களைப் பார்க்கவில்லை.

மாமா பாதை ஓரத்துக்கு ஒதுங்கி வழி விட்டு, தணிந்த குரலில் கேட்டார். "யாரும்மா தவறிட்டாங்க?"

அவள் நிமிர்ந்தாள். அவரைப் பார்த்தாள். நுரையைப் பார்த்தாள்.

"நீதாண்ணே" என்றாள்.

பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு எழுந்து அண்ணனின் தோளில் இரண்டு அடி போட்டாள். பிறகு கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதாள். பின்னால் வந்த பெண்களில் ஒருத்தி சிரிக்கத் தொடங்க, எல்லோருக்கும் அது ஒட்டிக்கொண்டது.

லயத்து வாசலில் உட்கார்ந்து அவள் விளக்கம் சொன்னாள். போன் அடித்தாளாம், எங்கள் பக்கம் கரண்ட் இல்லாமல் எல்லா போனும் செத்துக் கிடந்தது.

"டீவியில அண்ணே படம். படத்துல மாலை. கீழ செவப்பு பல்பு. ஒருத்தன் வந்து சல்யூட் அடிக்கிறான். நான் என்னன்னு நெனைக்கிறது?"

"அது நாடகம் சின்னம்மா" என்றேன் நான்.

"நாடகம்னு எனக்குத் தெரியாதா? டீவிக்காரங்களும் தமிழ் ஆளுங்கதானே. உசுரோட இருக்கிறவரு படத்துக்கு மாலை போடுவாங்களா? அண்ணே போயிருச்சு, நல்ல படமா இருக்குன்னு வீட்டுல கேட்டு வாங்கிப் போட்டிருக்காங்கன்னுதான் நெனைச்சேன். கூடப் பொறந்தவளுக்கு ஒரு வார்த்தை சொல்லலையேன்னுதான் எனக்கு ஆத்தரம்."

அவள் சொன்னதில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. சுவரில் படத்தை மாட்டும்போது நான் பார்த்திருந்தேன், அப்போது வெறும் படம்தான். மாலையும் பல்பும் கமரா ஓடுவதற்குச் சற்று முன்னால் வந்திருக்க வேண்டும். அப்போது நான் வாசலில், வெளியே பார்த்தபடி.

சாவு வீட்டுக்கென்று கொண்டுவந்த அரிசி, சீனி, தேயிலை எல்லாம் இருந்தன. சமைத்துச் சாப்பிட்டோம். நல்ல சிரிப்பாக இருந்தது. தங்கையின் மகள் தன் போனில் அந்தக் காட்சியைப் பிடித்து வைத்திருந்தாள். அதை அத்தையிடம் காட்டினாள்.

அத்தை போனைக் கையில் வாங்கவில்லை, குனிந்து பார்த்தாள். படம், மாலை, பல்பு. பாடிகார்ட் சல்யூட் அடித்து ஏதோ சொன்னதும் போனுக்குள்ளிருந்து பெரிய கூட்டமாகச் சிரிக்கிற சத்தம்.

"யாரு சிரிக்கிறாங்க?" என்று என்னிடம் கேட்டாள்.

"தெரியல அத்த. நாங்க எடுக்கிறப்ப யாரும் அப்படிச் சிரிக்கல."

அவள் எழுந்து, தங்கை கொண்டுவந்த ரோஜா மாலையை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் போனாள். திரும்பி வரும்போது கையில் மாலை இல்லை. உள்ளே போய் ஆணியிலிருந்து பையை இறக்கி, சாரத்தையும் துவாயையும் குவளையையும் வெளியே எடுத்து வைத்தாள்.

"என்னடி செய்ற?" என்றார் மாமா.

"ஆஸ்பத்திரிக்குப் போக வேணாம்."

"வியாழக்கெழம ஒப்பரேஷன். பொதங்கெழம வரச் சொல்லியிருக்கு."

"கத்தி வைக்கப் போற ஒடம்புக்கு முன்னாடியே மாலை போட்டாச்சு. அது எறங்காம நான் உங்கள அனுப்ப மாட்டேன்."

"அது நடிப்புடி."

"மாலை நடிப்பு. கத்தி நடிப்பு இல்லையே."

மற்றவர்கள் சொல்லிப் பார்த்தார்கள். தங்கை அண்ணியின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அத்தை யாரோடும் சண்டை போடவில்லை, பையை மட்டும் திரும்பக் கட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மாமா என்னைப் பீலிப் பக்கம் கூட்டிப் போனார். ஒரு கையால் இடுப்புக்குக் கீழே தாங்கிப் பிடித்திருந்தார். வலி இருக்கும்போது அப்படித்தான் நடப்பார்.

"எனக்கு இதுல ஒண்ணும் இல்லடா. ஆனா அவ அழுதுகிட்டே வந்து வெளிய உக்காந்திருப்பா, நான் உள்ள படுத்திருக்கணும். அது முடியாது. அந்த சார்கிட்ட கேட்டுப் பாரேன்."

பின்னேரமே பங்களாவுக்குப் போனேன். டைரக்டர் கூடத்தில் தாள்களோடு உட்கார்ந்திருந்தார். பேசுகிற பாடிகார்ட் வழக்கம்போல் வெளிப் படியில் பிளேன்டீயோடு. நடந்ததைச் சொன்னேன். தங்கை வேனில் வந்ததைச் சொன்னபோது டைரக்டர் சிரித்தார். பையை இறக்கியதைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆருக்கும் தெரியாத முகம் எண்டுதானே போட்டனான்."

"கொட்டகலையிலருந்து பொகவந்தலாவ வரைக்கும் எல்லாருக்கும் தெரியும் சார். ஒரு தோட்டத்துல பொண்ணு எடுத்து இன்னொரு தோட்டத்துல குடுத்துத்தான இருக்கோம்."

"ஓம். அதை நான் யோசிக்கேல்லை." கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். மாலை இன்னும் படத்தில்தான் தொங்கியது. நான் அதைச் சரியாகப் பார்த்தது அப்போதுதான். "என்ர அம்மா இருந்திருந்தா எனக்கு அடிதான் விழுந்திருக்கும். ஆனா தம்பி, நான் இந்த மாலையைக் கழட்டினா பெரியவர் உயிரோட இருக்கிறார் எண்டு அர்த்தம். பெரியவர் இருந்தா இந்தக் குடும்பத்தில ஒருத்தருக்கும் வேலை இல்லை. கதையே இல்லை."

"வேற படம் மாட்ட ஏலாதா சார்?"

"சனம் ஒருக்காப் பாத்திட்டுது. ஒரு வீட்டில தாத்தாவின்ர முகம் வாரத்துக்கு வாரம் மாறுமோ?"

எனக்கு அதுவும் சரியாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் சரியாக இருந்தால் என்ன செய்வது என்று எந்த வேலையிலும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. போவதற்கு முன்னால், மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"சார், அதுல சிரிக்கிறவங்க யாரு?"

"அது கம்பியூட்டரில கிடக்கிற சிரிப்பு. எந்த நாட்டுச் சனமோ, எப்ப சிரிச்சதோ. ஆருக்குத் தெரியும்."

வாசலுக்கு வந்தபோது படியில் இருந்தவர் திரும்பிப் பார்க்காமலே உள்ளே இருந்த டைரக்டரிடம் பேசினார். கமரா இல்லாமல் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"சார், கொழும்புல எப்படியும் நம்மள நிப்பாட்டத்தான் போறாங்க. விளம்பரம் வரலன்னு நேத்தே போன் வந்திருச்சு. கத இல்லாட்டி என்ன. போற நேரத்துல ஒரு ஆள உசுரோட கொண்டு வந்துட்டுப் போவோமே."

டைரக்டர் தாள்களைப் புரட்டினார். பிறகு பேனாவைத் தேடினார்.

பெரியவர் சாகவில்லை என்று எழுதினார். குடும்பத்தின் தொல்லை தாங்காமல் எங்கேயோ போயிருந்தவர், ஒரு நாள் கதவைத் தட்டுகிறார். வீட்டில் எல்லோரும் விறைத்துப் போய் நிற்கிறார்கள். பெரியவர் தன் படத்திலிருந்து மாலையைத் தானே கழற்றுகிறார். செவ்வாய்க்கிழமை எடுக்கலாம் என்றார்.

அதை அத்தையிடம் சொன்னதும் மறுத்துத் தலையை ஆட்டினாள். "இவரு கை அதுல படக்கூடாது. போட்டவரு எடுக்கட்டும். நான் பக்கத்துல நின்னு பாக்கணும்."

மாலையைப் போட்டது யார் என்று விசாரித்தேன். கதைப்படியும் நிஜத்திலும் பேசுகிற பாடிகார்ட்தான். ஆகவே டைரக்டர் மறுபடி எழுதினார்.

செவ்வாய்க்கிழமை பங்களாவின் சன்னல்களில் எல்லாம் எங்கள் லயத்து முகங்கள். வேலை முடிந்து கூடையோடு வந்தவர்களும் இருந்தார்கள். அத்தை விளக்குக் கம்பத்துக்குப் பக்கத்தில், புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமாவுக்கு அதே கோட்டு. அவர் என்னைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். போகும்போது மெதுவாக, "கதவத் தொறடா பாடிகார்ட்" என்றார். அது எழுதப்பட்ட வசனம் இல்லை.

உள்ளே போய், "என்ன, எல்லாரும் சவுக்கியமா?" என்று கேட்க வேண்டும். அதோடு அவருடைய வேலை முடிந்தது. கேட்டார். பிறகு நிறுத்தவில்லை.

"மகனே, மேக்கணக்குப் பாதைய எப்ப போடப் போற?" என்று மந்திரியைக் கேட்டார். தோட்டத்தின் மேல் பிரிவுக்கு, எங்கள் லயத்துக்கு ஏறுகிற கல் பாதை அது. "ஆஸ்பத்திரிக்கு ஆளத் தூக்கிட்டுப் போறப்ப த்ரீவீல் கல்லுல ஏறி எறங்குது. குடலு தொண்டைக்கு வருது. நீ ஜீப்புல போற, உனக்கு எங்க தெரியும்."

சன்னலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கமராவை யாரும் நிறுத்தவில்லை. மந்திரி தணிந்த குரலில், "போட்டுர்றேங்கப்பா" என்றார். அதுவும் எழுதப்பட்டதில்லை.

பிறகு பேசுகிற பாடிகார்ட் படத்துக்கு முன்னால் வந்தார். அவர் ஏதாவது கோணங்கித்தனம் செய்வார் என்று எல்லோரும் காத்திருந்தோம். ஒன்றும் செய்யவில்லை. செருப்பைக் கழற்றினார். இரண்டு கையாலும் மாலையைத் தூக்கி எடுத்தார். குனிந்து பல்பை அணைத்தார். எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், அந்த இடத்தில் நான் திரும்பிவிட்டேன். அவ்வளவு நாளும் வெளியே பார்த்து நின்றவன், கமராவுக்கு நேரே முகத்தைக் காட்டிக்கொண்டு உள்ளே பார்த்து நின்றேன். டைரக்டர் ஏசவில்லை. கட் சொல்லவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அத்தை நேரே போய் மாலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"பிளாஸ்டிக்கா?" என்றாள்.

"வாடாம இருக்கணுமேன்னு..." என்று பேசுகிற பாடிகார்ட் இழுத்தார்.

"கட்சியைத் தொடங்கினவருக்கு ஒரு நல்ல பூ கெடைக்கலையா உங்களுக்கு?"

அன்று ராத்திரி பை திரும்ப ஆணியில் ஏறியது.

புதன்கிழமை மூவரும் பஸ் ஏறிக் கண்டிக்குப் போனோம். வியாழக்கிழமை காலையில் மாமாவை உள்ளே கொண்டுபோனார்கள். போகும்போது கட்டிலைத் தள்ளுகிற ஆளிடம் மாமா சிங்களத்தில் ஏதோ பகிடி விட்டார், அவன் சிரித்துக்கொண்டே தள்ளினான். அத்தையும் நானும் வெளியே கிடந்த மர வாங்கில் உட்கார்ந்தோம். சொன்ன நேரத்தைத் தாண்டியும் யாரும் வெளியே வரவில்லை. அத்தை வெறும் பையை மடியில் வைத்து அதன் வாரை முறுக்குவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அப்போது என் போன் அடித்தது. பேசுகிற பாடிகார்ட். தொடரை நிறுத்தியாயிற்று. ஏற்கனவே வெட்டி ஒட்டி அனுப்பியதை மட்டும் இன்னும் சில வாரம் காட்டுவார்களாம். பெரியவர் திரும்பி வருவது அதில் இல்லை. "அது பெட்டிக்குள்ளயே இருக்கும் தம்பி. மாமா எப்படி?" என்றார். இன்னும் உள்ளேதான் என்றேன். "முடிஞ்சதும் சொல்லுங்க" என்று வைத்துவிட்டார்.

"யாரு?" என்றாள் அத்தை.

எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். வேறு மாதிரிச் சொல்ல வழி தெரியவில்லை. இருந்தபடியே சொன்னேன். டீவியில் இனி மாலை இறங்காது, சனம் பார்க்கப் போவது மாலை போட்ட படத்தைத்தான்.

அவள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டீவியில வந்தா என்ன, வராட்டி என்ன" என்றாள். "நான் பாத்துட்டேன்ல."

அதன் பிறகு பை வாரை முறுக்கவில்லை. மத்தியானம் தாண்டி ஒரு தாதி எட்டிப் பார்த்து, நல்லபடியாக முடிந்தது, நினைவு திரும்பிவிட்டது, மீசையை எடுத்துவிட்டோமா என்று கேட்கிறார் என்றாள்.

சில நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்குள் ஒரு சனிக்கிழமை வந்து போயிருந்தது. கொட்டகலை கடைத்தெருவில் இறங்கி த்ரீவீலுக்குக் காத்திருந்தபோது, மாமா வழக்கமாகச் சுருட்டு வாங்குகிற முஸ்லிம் கடைக்காரர், எல்லோருக்கும் நானா, கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"என்ன நீங்க, மவுத்தாகிட்டீங்கன்னு டீவியில போட்டாங்களே. ரெண்டு வாரமாப் பாக்குறேன்."

"மகன்மாரு தொல்ல தாங்காம கொஞ்ச நாள் வெளிய இருந்தேன் நானா" என்றார் மாமா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

கடைத்தெருவே கூடியது. அந்தக் கூட்டத்துக்குள் எங்கள் தோட்டத் தலைவர் வந்தார், தொழிற்சங்கத்து ஆள். கையில் பெரிய சாமந்தி மாலை. கொழும்பிலிருந்து யாரோ பெரிய ஆள் வருவதாகச் சொல்லிக் காலையிலிருந்து ஸ்டேஷன் வாசலில் நின்றிருக்கிறார்.

"வர்றேன்னவரு வரல. பூ வாடிப்போயிரும்" என்றார். "அதான், நம்ம பெரியவருக்கே போட்டுருவோம்."

எல்லோரும் கை தட்டினார்கள். மாமாவுக்கும் ஆசைதான். கழுத்தை நீட்டிக் குனிந்துவிட்டார். தலைவர் மாலையை விரித்து உயர்த்தினார். அத்தை இரண்டு பேருக்கும் நடுவில் கையை விட்டாள்.

"வேணாங்க."

"உசுரோட இருக்கிறவருக்குத்தானேங்க போடுறேன். இது மரியாத மாலை."

"தெரியுதுங்க. இவருக்கு இந்த வருசத்துக்குப் போட்டது போதும்."

மாலை அந்தரத்தில் நின்றது. விரித்த மாலையைத் திரும்பக் கொண்டுபோகவும் முடியாது. அத்தை சுற்றிப் பார்த்து, என் சட்டையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இவனுக்குப் போடுங்க. ஊர் ஊரா சுத்தியும் ஒண்ணும் ஆகல. இனிமேயும் ஒண்ணும் ஆகாது."

நான் உயரம் என்பதால் தலைவர் எக்கித்தான் போட வேண்டியிருந்தது. பூ இன்னும் ஈரமாக இருந்தது, சட்டைக் கழுத்தில் தண்ணீர் இறங்கியது. கடை நானா எனக்கும் ஒரு சுருட்டு கொடுத்தார்.

தையல் பிரிந்துவிடும் என்று மேக்கணக்குப் பாதை தொடங்குகிற இடத்திலேயே த்ரீவீலை நிறுத்தச் சொன்னாள் அத்தை. அதற்கு மேல் கல். மாமா அத்தையின் தோளைப் பிடித்து மெதுவாக ஏறினார். நான் பையைத் தூக்கிக்கொண்டு, மாலையோடு, இரண்டடி பின்னால் நடந்தேன். கொழுந்து எடுக்கிறவர்கள் சரிவில் நின்று பார்த்தார்கள். யாருக்கு என்ன விசேஷம் என்று அவர்களுக்கு விளங்கியிருக்காது.

வளைவில் மாமா மூச்சு வாங்க நின்றார். திரும்பாமலே சொன்னார். "பாடிகார்ட், பின்னாடி பாத்து வா."

பின்னால் யாரும் வரவில்லை. ஆனாலும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன்.